கடைமடைக்கு வராத டொம்

மாதத்தில் ஒரு நாள் பராமரிப்பு என்று சொல்லிக் கரண்டை நிறுத்துவார்களே, அன்றைக்குத்தான் செங்காட்டுப்புதூர்க்காரர்களுக்குத் தங்களுக்குக் காது இருப்பதே ஞாபகம் வரும். மற்ற நாளெல்லாம் ஊர் முழுக்க விசைத்தறி ஓடும், சடக்குப்புடக்கு சடக்குப்புடக்கு என்று அப்பன் காலத்திலிருந்து ஓடும், அந்தச் சத்தத்துக்குள்ளேயே பிறந்து அதற்குள்ளேயே கல்யாணம் காட்சி பார்த்து அதற்குள்ளேயே செத்தும் போகிற சனத்துக்கு அது ஒரு சத்தமாகவே படாது. அப்படிக் கரண்டு இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை, காலைச் சோறு உண்டு முடித்து ஏனம் கழுவுகிற நேரத்தில், தறியெல்லாம் வாயடைத்து நிற்க, மண்ணுக்கு அடியிலிருந்து 'டொம்' என்றது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு டொம். அப்புறம் நிற்கவே இல்லை.

ஊர் ஒன்றும் பதறிவிடவில்லை. கட்டுத்தறியில் நின்ற எருமை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி தவிட்டில் மூக்கை வைத்தது. யாரோ மோட்டர் போட்டிருக்கிறார்கள் என்றார்கள். கரண்டு இல்லாமல் ஏதப்பா மோட்டர் என்றதற்கு, ஜெனரேட்டர் இருக்குமுங்க என்றார்கள். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

பொதுக்குழாயடியில் வெறுங்காலோடு நின்றிருந்த மகுடேஸ்வரி மட்டும் குடத்தை அப்படியே விட்டுவிட்டாள். குடம் நிறைந்து வழிந்து பாதத்தை நனைத்தது, அவள் நகரவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஏனென்றால் அவளுக்குக் கேட்டது.

மகுடேஸ்வரிக்குக் காது போய்க்கொண்டிருந்தது. தறிக்காரர்களுக்குப் போகும்தான், ஆனால் எல்லாருக்கும் அறுபதில் போவது அவளுக்கு முப்பத்தைந்திலேயே போக ஆரம்பித்துவிட்டது. முதலில் குருவிகள் போயின. பிறகு குக்கர் விசில். பிறகு போன் மணி, பிறகு பொம்பளைகளின் பேச்சு. "மேல் சத்தமெல்லாம் போயிருச்சும்மா, அடிச் சத்தம்தான் மிச்சம், அதையும் பத்திரமா வெச்சுக்கோ" என்று கோயமுத்தூர் டாக்டர் சொல்லிவிட்டார். சத்தத்தை எந்த டப்பாவில் போட்டுப் பத்திரமாக வைப்பது என்று மட்டும் சொல்லவில்லை. அன்றையிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லாரும் அவள் முகத்துக்கு நேரே வாயைக் கோணிக்கொண்டு "கேக்குதா?" என்றார்கள். கடைக்காரர் கேக்குதா என்றார், ஒறம்பறையாக வந்த சொந்தக்காரர்கள் கேக்குதா என்றார்கள், கட்டிய புருசன் ஈஸ்வரமூர்த்தி ஒரு நாளைக்குப் பத்து முறை கேக்குதா என்றான். அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துக் கிணற்றில் போட்டால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

அடிச் சத்தம் மிச்சம் என்றாரே டாக்டர், அந்த மிச்சத்தில்தான் அவள் குடியிருந்தாள். பல்லடம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து மொபைல் கடையில் அம்மன் பாட்டு ஏற்றித் தரச் சொல்லி மெமரி கார்டைக் கொடுத்தவளுக்கு, கடைக்காரப் பையன் அவசரத்தில் எந்தக் காலேஜ்காரனுடையதையோ ஏற்றிக் கொடுத்துவிட்டான். அவள் வேலை செய்கிற குடோனில் தறிக்கு நடுவே இயர்போனை மாட்டினால், அம்மனும் இல்லை, பாட்டும் இல்லை, டொம், டொம், டொம், டொம் என்று ஒரே போக்கு. முதல் நாள் அவனைத் திட்டினாள். இரண்டாம் நாள் திட்டிக்கொண்டே கேட்டாள். மூன்றாம் நாள் திட்ட மறந்துவிட்டாள்.

சினிமாப் பாட்டெல்லாம் தறிச் சத்தத்தில் செத்துப்போகும். பாடுகிறவர் தொண்டை கிழியக் கத்தினாலும் தறி அவரை விழுங்கிவிடும். இது மட்டும் தறியோடு மல்லுக்கு நிற்காமல் கூடவே நடந்தது. காதல் சொல்லவில்லை, தத்துவம் சொல்லவில்லை, என்னைப் பார் என்று சொல்லவில்லை. அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்களே, மொத்தப் பாட்டும் அவ்வளவுதான். முதலில் வெறும் டொம். பொறுமை இல்லாதவர்கள் இந்த இடத்தில் எழுந்து போய்விடுவார்கள், போகட்டும் சனியன்கள். இருக்கிறவர்களுக்கு டொம்முக்கும் டொம்முக்கும் நடுவே ஒரு 'சிக்' வரும். அதற்குமேல் மழைக்கு முந்தின காற்று மாதிரி ஒன்று கிளம்பும், ஏறும், ஏறும், அந்த நேரம் பார்த்து டொம்மைப் பிடுங்கிவிடுவார்கள். நின்றுகொண்டு வருகிற பஸ்ஸில் பிடித்த கம்பியைப் பிடுங்கினால் எப்படி இருக்கும்! வயிறு ஒரு கணம் காணாமல் போகும். இனி வராதோ, இனி வரவே வராதோ என்று தவிக்க விட்டு, தவிப்பு தாளாத இடத்தில் டொம் திரும்பி வரும். அந்த இடத்தில் மகுடேஸ்வரி தறிக்கு முன்னால் தனியாகச் சிரிப்பாள். பார்த்தவர்கள், பாவம், காதோடு மூளையும் போய்க்கொண்டிருக்கிறது என்றார்கள்.

கார்டை மாற்ற வேண்டாம் என்று சொல்லத்தான் மறுபடி அந்தக் கடைக்குப் போனாள். பையன் வெட்கப்பட்டுக்கொண்டே விவரம் சொன்னான். "அக்கா, அது அண்டர்கிரவுண்டு மியூசிக்குங்க. ரேடியோவுல வராது. பெரிய பெரிய கம்பெனியெல்லாம் போட மாட்டாங்க. வெளிநாட்டுல பழைய குடோன்ல கூடி, இருட்டுல பேர் ஊர் தெரியாத சனத்தோட ஆடுவாங்களாமா." குடோன் என்றதும் அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. "நாங்களும் குடோன்லதான் கண்ணு இருக்கறோம்" என்றாள்.

அந்த அண்டர்கிரவுண்டு என்கிற சொல்தான் வினையாகப் போனது. செவ்வாய்க்கிழமை ஊர் கூடி மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, தறிக்குடோன் முதலாளி சென்னியப்பன், இதென்ன அம்மிணி சத்தம், உனக்குக்கூடக் கேக்குதாமே என்று அவளிடம் கேட்டார். அவள் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, "இது அண்டர்கிரவுண்டு மியூசிக்குங்க முதலாளி" என்று சொல்லிவிட்டாள்.

வேறு ஊராக இருந்தால் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் எடுத்திருப்பார்கள். செங்காட்டுப்புதூரில் அண்டர்கிரவுண்டில் இருப்பது ஒன்றே ஒன்றுதான், அதை எடுக்கிற வழியும் ஒன்றே ஒன்றுதான். "அடியில இருக்குதுன்னா யாரு நெலத்துக்கு அடியில?" என்றார் சென்னியப்பன். எல்லாரும் அவரவர் நிலத்தை நினைத்துக்கொண்டார்கள். மதியத்துக்குள் நீரோட்டம் பார்க்கிற பூளவாடிக்காரரைக் கூட்டிவந்துவிட்டார்கள். அவர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு நடந்தார். நீரோட்டம் இருந்தால் தேங்காய் எழுந்து நிற்கும், சென்னியப்பனின் தென்னந்தோப்பில் அது எழுந்து நின்றதோடு விடாமல் தலையையும் ஆட்டியது. "தண்ணி இல்லீங்க, ஆனா ஓட்டம் நெம்ப நல்லா இருக்குது" என்று சொல்லித் தட்சிணையை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் ரிக் வண்டி வந்தது. புழுதி பறக்கப் பறக்கக் குழாயை இறக்கினார்கள், பாறை வந்தது, பாறைக்குக் கீழே செம்மண் வந்தது, அதற்கும் கீழே ஈரமே இல்லாமல் டொம் பொங்கிக்கொண்டு வந்தது. சென்னியப்பன் தேங்காய் உடைத்தார். பிளாஸ்டிக் குழாய் இழுத்து, வீட்டுக்குள் கேட்வால்வு வைத்து, வால்வைத் திருகினால் கூடத்தில் டொம் கொட்டும்படி செய்தார்கள். அப்புறம் யார் சும்மா இருப்பார்கள்? பக்கத்துக்காரன் எண்ணூறு அடி போட்டால் நாம் ஆயிரம் போடுவது அந்த ஊர்க்காரர்களுக்கு ரத்தத்திலேயே இருக்கிறது. ரிக் வண்டி ஊரைவிட்டுப் போகவே இல்லை, டிரைவருக்கு இங்கேயே பெண் பார்த்துவிடலாம் என்று கேலி பேசினார்கள்.

சொன்னால் சொன்ன மாதிரி, ஒரு மாரியம்மன் நோம்பி வந்து போவதற்குள் அது இல்லாமல் முன்னே எப்படி இருந்தோம் என்பதே ஊருக்கு மறந்துவிட்டது. டொம்முக்குப் பக்கத்தில் வைத்த இட்லி மாவு பொழுதுக்குள் பொங்கியது, கறவை மாடுகள் நாலாம் டொம்முக்கு ஒரு பீச்சு என்று கணக்காகப் பால் விட்டன, எட்டு மாசக் குழந்தைகள் தொட்டில் ஆட்டாமலே தூங்கின, கைத்தடி ஊன்றுகிற கிழடுகளுக்குத் தடுமாற்றம் நின்றது, உருமி அடிக்கிறவர்கள் முதலில் எங்க பொழப்பு போச்சு என்று சண்டைக்கு வந்து பிறகு அதன்மேலேயே அடித்துப் பார்த்து இது நல்லாத்தான் இருக்குது என்று சமாதானமானார்கள், கல்யாண மண்டபத்துக்காரர் 'டொம் வசதி உண்டு' என்று போர்டு மாட்டினார், பக்கத்து ஊர்களுக்கு டேங்கர் லாரியில் போயிற்று, லாரி போகிற வழியில் சிந்துகிற டொம்முக்கு ரோட்டோர நாய்கள் வரிசையாகத் தாவின. பொண்ணு கேட்டு வருகிறவர்கள் வீடு வாசல் விசாரிப்பதற்கு முன்னால், போர் எத்தனை அடிங்க என்றுதான் விசாரித்தார்கள்.

ஒருவரும் ஆடவில்லை. அதுதான் மகுடேஸ்வரிக்கு ஆறவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, சோபாவில் உட்கார்ந்துகொண்டு, அவரவர் வீட்டுக்குள் அவரவர் டொம்மை வைத்துக்கொண்டு அதற்குமேல் டி.வி.யும் பார்த்தார்கள். "இது கூடி நின்னு ஆடறதுக்குன்னு இருக்கறதுங்க மாமா. ஒத்தை ஆளு சோபாவுல உக்காந்து சப்புக்கொட்டறதுக்கு இது என்ன மிச்சருங்களா?" என்று புருசனிடம் கத்தினாள். காது கேளாதவர்களுக்குத் தன் குரலின் அளவு தெரியாதல்லவா, தெருவே கேட்டது. ஈஸ்வரமூர்த்தி நல்லவன்தான், ஆனால் ஊருக்குப் பயந்தவன். சும்மா இரு என்று கையைக் காட்டினான்.

குழாய் என்று ஒன்று வந்தால் கடைமடை என்று ஒன்று வரத்தானே செய்யும்! ஊருக்குக் கிழக்கே குட்டை, குட்டைக்கு அந்தப் பக்கம் காலனி, முதல் செவ்வாய்க்கிழமை மண்ணில் வந்த டொம்கூடக் குட்டையைத் தாண்டி அங்கே எட்டவில்லை. பஞ்சாயத்தில் எல்லாருக்கும் பொதுவாகக் குழாய் போட்டு, அது ஊரெல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியாகக் காலனிக்குப் போனது. போகிற வழியில் அவரவர் மோட்டர் வைத்து அடிச் சத்தத்தை உறிஞ்சிக்கொண்டார்கள். காலனிக் குழாயைத் திறந்தால் சிக், சிக், சிக் என்று வரும், அவ்வளவுதான். மகுடேஸ்வரிக்குப் பக்கத்துத் தறியில் வேலை செய்கிற மயிலாத்தாவுக்கு அங்கேதான் வீடு. சென்னியப்பன் வீட்டு வாசலைத் தாண்டும்போது அவளுடைய அப்பன் செருப்பைக் கழற்றிக் கையில் தூக்கிக்கொண்டுதான் தாண்டுவார். அப்போதெல்லாம் காலனிக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் தாண்ட வேண்டும். இப்போ அதெல்லாம் எங்கங்க இருக்குது என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். குழாய்க்கு மட்டும் ஞாபகம் இருந்தது.

"ஏனுங்கக்கா, அந்த டொம்மு டொம்முங்கறாங்களே, அது எப்படி இருக்கும்?" என்று மயிலாத்தா ஒரு நாள் சோற்று வேளையில் கேட்டாள். மகுடேஸ்வரி அவள் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு, தன் இயர்போனை அவள் காதில் மாட்டினாள். மயிலாத்தா கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "இத்தனூண்டுக்கா ஊரு அடிச்சுக்குது?" என்றாள். இது டப்பாவுல அடைச்சது புள்ளை, மண்ணுல வர்றது வேற என்றாள் மகுடேஸ்வரி. அதற்குமேல் சொல்லத் தெரியவில்லை. செருப்புப் போட்ட காலுக்கும் போடாத காலுக்கும் உள்ள வித்தியாசம் என்று மட்டும் சொன்னாள்.

உறிஞ்சி உறிஞ்சி எது நிலைத்தது? ஆனிக் கடைசியில் டொம் மெலிந்தது. ஊரில் வசதியான மேட்டு வீதிக்காரர்கள் இன்னும் ஆழம் போட்டார்கள், ஆழம் போடப் போட டொம் அதற்கும் கீழே போனது. ஆடி பிறந்தபோது சென்னியப்பன் கூடத்திலேயே வெறும் சிக் சிக் வந்தது, காலனிக்காரர்கள் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிறகு சிக்கும் போய்க் குழாயில் காற்று மட்டும் உஸ் என்றது. மாவு பொங்கவில்லை, குழந்தைகள் அழுதன, மண்டபத்துக்காரர் போர்டைக் கழற்றினார். ஊர் என்ன செய்யும், கொஞ்ச நாள் உச்சுக் கொட்டிவிட்டுப் பழையபடி தறியை ஓட்டியது. தண்ணீர் வற்றினாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள்.

மகுடேஸ்வரிக்கு அப்படி இல்லை. ஒரு காலையில் குடோனுக்குள் நுழைந்தவள், இன்றைக்கும் கரண்டு இல்லை போலிருக்கிறது என்று நினைத்துத் தறியைப் பார்த்தால், ஊடு நூலை இழுத்துக்கொண்டு நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பறந்துகொண்டிருந்தது. எல்லாத் தறியும் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம்தான் இல்லை. இயர்போனை மாட்டினாள், சத்தத்தை முழுக்கக் கூட்டினாள், காதுக்குள் ஒரு பூச்சி துடிக்கிற மாதிரி இருந்ததே தவிர டொம் இல்லை. மிச்சமும் போய்விட்டது. தரையில் உட்கார்ந்து அழுதாள். தன் அழுகை தனக்கே கேட்காதது அதைவிடக் கொடுமையாக இருந்தது.

குடோனில் யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? தரையை மிதித்துத்தான் கூப்பிடுவார்கள். அடியில் பாவிய கடப்பாக் கல்லில் ஓங்கி ஒரு மிதி மிதித்தால் அந்தக் கோடியில் நிற்கிறவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள். பிறகு எல்லாம் கைப்பேச்சு. இரண்டு விரலைக் கத்தரித்தால் நூல் அறுந்தது, முஷ்டியை நெஞ்சுக்கு நேரே சுற்றினால் தறி ஓடுகிறது. அதே குடோனில் தறி ஓட்டுகிற ஈஸ்வரமூர்த்தி அவள் அழுவதைப் பார்த்துவிட்டுத் தன் தறிக்குப் பக்கத்தில் நின்று ஓங்கி மிதித்தான். அந்த மிதி கல்லுக்குள் ஓடிவந்து அவள் உள்ளங்காலில் டொம் என்று இறங்கியது. அவள் திரும்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் தன் காலைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் புருசனிடம் சொன்னாள். "பாட்டு முடியலைங்க மாமா. இது நடுவுல டொம்மைப் புடுங்கற எடம். இங்க எந்திரிச்சுப் போனாத்தான் போச்சு." அவன் கேக்குதா என்பதை மறந்து அவளையே பார்த்தான். "அது எங்கயும் போகலை. அந்தப் பக்கம் திரும்பி நிக்குது. மிதிச்சுக் கூப்புட்டாத் திரும்பிப் பாக்காத ஆளு உண்டுங்களா?"

வீடு வீடாகப் போனாள். குழாய் எல்லாத்தையும் மூடுங்க, இழுக்கற மோட்டரை நிறுத்துங்க, குட்டையில வந்து எல்லாரும் ஒண்ணா மிதிங்க என்றாள். மேட்டு வீதிக்காரர்கள், சென்னியப்பன் மூடட்டும் நாங்களும் மூடறோம் என்றார்கள். சென்னியப்பன், அவங்க மூடட்டும் பார்க்கலாம் என்றார். "மண்ணைப் போயி மிதிச்சுக் கூப்புடறதா? செவிடன் காதுல ஊதுன சங்குன்னு கேட்டிருக்கறேன், இங்க செவிடே சங்கு ஊதுது" என்று யாரோ சொல்ல வாசலே சிரித்தது. உதடு படிக்கத் தெரிந்தவளுக்கு அதுவும் புரிந்துதான் தொலைத்தது. முகம் சிவந்துபோனாள். நேராகக் குட்டைக்குப் போனாள்.

குட்டை காய்ந்து வெடித்துக் கிடந்தது. புறம்போக்கு என்பதால் அங்கே மட்டும் யாரும் போர் போடவில்லை. உச்சி வெயிலில், செருப்பைக் கரையில் விட்டுவிட்டு, நடுக்குட்டையில் நின்று காலைத் தூக்கி மிதித்தாள். மிதித்துவிட்டு அடுத்ததற்குப் பொறுத்தாள், மறுபடி மிதித்தாள். அவளுக்குத் தெரிந்த பாட்டின் முதல் பகுதி அதுதானே, வெறும் டொம், பொறுமை இல்லாதவர்கள் எழுந்து போகிற இடம். ஷிப்டு இல்லாத நேரமெல்லாம் அங்கேதான் இருந்தாள். காலில் கொப்புளம் வந்தது, கொப்புளம் உடைந்தது, உடைந்த இடம் காய்த்தது. ஆடு மேய்க்கிறவர்கள் வேடிக்கை பார்த்துச் சலித்துப் போனார்கள். ஈஸ்வரமூர்த்தி கரையில் வந்து நின்று, வீட்டுக்கு வா என்று கையைக் காட்டுவான். அவள் தலையை மட்டும் ஆட்டுவாள், காலை நிறுத்த மாட்டாள். எனக்கு மிச்சம் இருப்பது இது ஒன்றுதான், வராமல் விடமாட்டேன் என்று மண்ணைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே மிதித்தாள்.

முதலில் வந்து சேர்ந்தது மயிலாத்தா. "வந்துட்டுப் போனதுன்னு அழுகறவங்க எல்லாம் ஊட்டுல படுத்துக் கெடக்கறாங்க. எனக்கு வரவே இல்லையே, நான் எதுக்குக்கா படுத்துக்கறது?" என்று சொல்லிச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். மகுடேஸ்வரியின் ஒரு மிதிக்கும் அடுத்த மிதிக்கும் நடுவில் விழுகிற மாதிரி அவள் காலுக்கு மிதிக்கத் தெரிந்தது, அதுதான் சிக். மறுநாள் காலனிப் பொம்பளைகள் வந்தார்கள், அவர்களும் தங்களுக்கு வராத டொம்முக்காகவே வந்தவர்கள். பிறகு உருமிக்காரர்கள், பிறகு குழந்தை தூங்காத வீட்டு அம்மாக்கள் இடுப்பில் குழந்தையோடு. ஈஸ்வரமூர்த்தி கரையில் ஒரு நாள் நின்றான், மறுநாள் ஒரு செருப்பைக் கழற்றினான், ஊர் பார்க்கிறதா என்று பார்த்தான், அப்புறம் என்ன நினைத்தானோ இன்னொன்றையும் கழற்றி எறிந்துவிட்டு இறங்கினான். யாருக்கும் ஆடத் தெரியாது. மிதித்தார்கள், அவ்வளவுதான். புழுதி இடுப்பு வரைக்கும் எழுந்து நின்றது.

ஆவணியில் அதே பராமரிப்பு நாள் வந்தது, கரண்டு போனது, தறிகள் நின்றன. குட்டையில் இருந்தவர்கள் எல்லாரும் மிதித்துக்கொண்டிருந்தபோது மகுடேஸ்வரி கையைத் தூக்கினாள். நில்லுங்கள் என்றாள். இது பிடுங்குகிற இடம், எல்லாரும் காலை ஊன்றிக்கொண்டு சும்மா நில்லுங்கள் என்றாள். நின்றார்கள். புழுதி மெதுவாக அடங்கியது. இடுப்பிலிருந்த குழந்தைகள்கூட அழவில்லை. மகுடேஸ்வரிக்கு வயிறு காணாமல் போயிருந்தது. வராதோ, இனி வரவே வராதோ.

அவள் குதிகாலில் ஆரம்பித்தது. கணுக்காலுக்கு ஏறியது, முழங்காலுக்கு வந்தது, அடிவயிற்றில் நின்று, நெஞ்சுக்கூட்டை உள்ளிருந்து ஒரு தட்டுத் தட்டியது. அவள் சிரித்தாள். திரும்பிப் பார்த்தால் எல்லார் முகத்திலும் அதே சிரிப்பு. உருமிக்காரர் காதில் கையைக் குவித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார், சத்தமே இல்லை, காதுள்ளவர்களுக்கும் இல்லை. இந்த முறை அது சத்தமாக வரவில்லை, காலாக வந்திருந்தது. ஈஸ்வரமூர்த்தி அந்தக் கோடியில் நின்று அவளைப் பார்த்து முஷ்டியை நெஞ்சுக்கு நேரே சுற்றினான். ஓடுகிறது. அவனுக்கு அழுகை வந்துவிட்டது, சுற்றுவதை நிறுத்தவில்லை. மயிலாத்தா இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "இதுங்களாக்கா? இதுங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். இதுதான் புள்ளை என்றாள் மகுடேஸ்வரி, சொல்லிக்கொண்டே மறுபடி மிதிக்க ஆரம்பித்தாள், கூட இருந்தவர்களும் மிதித்தார்கள்.

செய்தி போய் மேட்டு வீதிக்காரர்கள் குழாய்களைத் திறந்து பார்த்தார்கள், காற்றுக்கூட வரவில்லை. மதியம் சாய்வதற்குள் சென்னியப்பன் காரை எடுத்துக்கொண்டு வந்து கரையில் நின்றார். காதைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்டார். அவர் உதடு, எனக்கு ஒண்ணும் கேக்கலையே என்றது.

மகுடேஸ்வரி அவர் முகத்துக்கு நேரே போய் நின்று, வாயைப் பெரிதாகத் திறந்து, நிதானமாக, "கேக்குதுங்களா முதலாளி?" என்றாள். பிறகு அவர் காலைக் காட்டினாள்.

கோயில் வாசலைத் தவிர ஊரில் வேறெங்கும் கழற்றாத செருப்பு அது. சென்னியப்பன் சுற்றிலும் பார்த்தார். ஊரே வெறுங்காலோடு நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு பெருமூச்சு விட்டார், குனிந்தார், கழற்றினார். புதுத் தோல் செருப்பாச்சே, புழுதியில் விட மனசு வராமல் கையில் தூக்கிக்கொண்டே குட்டைக்குள் இறங்கினார். நாலடி வைத்திருப்பார், நின்றுவிட்டார். அவருடைய தாடை லேசாக ஆடியது. அறுபது வயசு மனுசன் தன் காலையே குழந்தை மாதிரிப் பார்த்தார்.

பக்கத்தில் மயிலாத்தா மிதிப்பதை நிறுத்தியிருந்தாள். அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள், கையில் தொங்கின செருப்பைப் பார்த்தாள். பிறகு அவள் உதடு அசைந்தது, மகுடேஸ்வரி ஒரு எழுத்து விடாமல் படித்தாள்.

"கீழ போடுங்க. இங்க யாரும் செருப்பைக் கையில தூக்கிட்டு நடக்க வேண்டியதில்லீங்க."

செருப்பு விழுந்தது. விழுந்த சத்தம் மகுடேஸ்வரிக்குக் கேட்கவில்லை. அவள் அடுத்த டொம்முக்குக் காலைத் தூக்கியிருந்தாள்.